பி.காம். பட்டத்துக்கு எத்தனை வால்?

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் தன்னாட்சிக் கல்லூரிகளிலும் வணிகவியல் பாடத்திட்டக் குழுக்களில் இருக்கும் பேராசிரியர்களுக்கு,

வணக்கம்.

பி.காம். சி.ஏ. படித்தால் ஆடிட்டர் ஆகிவிடலாம் என்று நம்பிப் பணம் கட்டும் பெற்றோர் இன்னமும் இருக்கிறார்கள். அந்த 'சி.ஏ.' கணினிப் பயன்பாட்டைக் குறிப்பது, சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட் என்ற ஆடிட்டர் படிப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பதெல்லாம் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விண்ணப்பத்தோடு வரிசையில் நிற்கும் அப்பாவுக்கு அது தெரியாது. கவுண்டரில் இருப்பவரும் சொல்வதில்லை. பி.காம். சி.எஸ். கதையும் இதேதான். கார்ப்பரேட் செக்ரட்டரிஷிப் முடித்ததும் கம்பெனி செக்ரட்டரி என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ள முடியாது. அதற்குத் தனி நிறுவனம், தனித் தேர்வுகள். இந்தச் சுருக்கெழுத்துகள் தற்செயலாக அமைந்தவை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் குழப்பத்தால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்று பார்த்தால் கணக்கு ஒரே பக்கமாகச் சாய்கிறது.

நான் சென்னையில் ஒரு நிதி நிறுவனத்தில் கடன் மதிப்பீட்டுப் பிரிவில் இருக்கிறேன். புதிதாக எடுக்கும் பட்டதாரிகளை நேர்காணல் செய்வதும் என் வேலையில் சேர்த்தி. மே மாதம் வந்துவிட்டால் சொந்தக்காரர்கள், ஊர்க்காரர்கள், அலுவலக நண்பர்கள் என்று யாராவது "ஃபைனான்ஸ் பக்கம் போகணுமாம், என்ன படிக்க வைக்கலாம்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். ஆக, உங்கள் வகுப்புக்குள் நுழையும் முன்னும் இந்தப் பிள்ளைகளைப் பார்க்கிறேன், பட்டம் வாங்கி வெளியே வந்த பின்னும் பார்க்கிறேன். நடுவில் இருக்கும் மூன்று வருடம் உங்கள் கையில். அதனால்தான் இந்த மடல் உங்களுக்கு.

ஒரு காலத்தில் பி.காம். என்றால் பி.காம்.தான். இப்போது அந்தப் பட்டத்துக்கு எத்தனை வால்! சி.ஏ., பி.ஏ., சி.எஸ்., ஏ அண்ட் எஃப், பேங்க் மேனேஜ்மென்ட், பேங்கிங் அண்ட் இன்ஷூரன்ஸ், ஐ.டி., இ-காமர்ஸ், இன்டர்நேஷனல் பிசினஸ், பி.பி.எஸ். என்று நீள்கிறது. பாடத்திட்டங்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நிதிக் கணக்கியல், நிறுமக் கணக்கியல், அடக்கவிலைக் கணக்கியல், மேலாண்மைக் கணக்கியல், வணிகச் சட்டம், வருமான வரி, தணிக்கை எல்லாம் பெரும்பாலும் பொதுவாகவே இருக்கின்றன. வாலுக்கென்று வருவது சில தாள்கள். ஐ.டி. வாலில் கொஞ்சம் நிரல் எழுதச் சொல்வார்கள், வங்கி வாலில் வங்கிச் சட்டம் ஒரு தாள் கூடுதலாக இருக்கும். அவ்வளவுதான். வால் கூடக் கூட சுயநிதிப் பிரிவில் இடங்களும் கூடும் என்பது எனக்கும் தெரியாமல் இல்லை. கல்லூரி நடத்துவது சும்மா இல்லை, சரி. அதற்காக, பதினேழு வயதுப் பிள்ளை தன் வாழ்க்கையின் திசையையே அந்த நான்கு எழுத்தில்தான் தேர்ந்தெடுக்கிறோம் என்று நம்புவதை நாம் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டுமா?

வேலைக்கு எடுக்கும் பக்கத்திலிருந்து சொல்கிறேன்: வால் என்ன என்று நாங்கள் பார்ப்பதே இல்லை. எங்கள் விளம்பரத்தில் 'வணிகவியல் பட்டதாரி' என்றுதான் இருக்கும். பல வேலைகளுக்கு அதுகூட இருக்காது.

வங்கி வேலையையே எடுத்துக்கொள்ளுங்கள். பேங்க் மேனேஜ்மென்ட் என்று பெயர் வைத்த படிப்பில் சேரும் பெண்ணுக்கு வங்கியில் ஒரு நாற்காலி தயாராக இருக்கிறது என்றுதான் வீட்டில் நினைக்கிறார்கள். பொதுத்துறை வங்கிகளுக்கு ஆள் எடுக்க ஐ.பி.பி.எஸ். அமைப்பு நடத்தும் பி.ஓ. (புரொபேஷனரி ஆபீசர்) தேர்வுக்கு 20 முதல் 30 வயதுக்குள் ஏதாவது ஒரு பட்டம் இருந்தால் போதும். பாரத ஸ்டேட் வங்கியின் பி.ஓ. தேர்வும் எந்தப் பட்டதாரிக்கும் திறந்ததுதான். பேங்க் மேனேஜ்மென்ட் படித்ததற்காக ஒரு மதிப்பெண்கூட அதிகம் கிடையாது. முதல்நிலைத் தேர்வில் கேட்பது ஆங்கிலம், கணக்கு, ரீசனிங். அங்கே உங்கள் மாணவியோடு போட்டிக்கு உட்காருவது இன்ஜினியரிங் முடித்தவர்கள். பிளஸ் டூ வரைக்கும், அதற்கு மேல் இரண்டு மூன்று செமஸ்டரும் கணக்குப் போட்டுப் பழகிய கைகள் அவை. ரிசர்வ் வங்கியின் கிரேடு 'பி' அதிகாரி வேலைக்கும் 'ஜெனரல்' என்ற பொதுப் பணிக்கு 60 சதவீதத்தோடு எந்தப் பட்டமும் போதும். அங்கேயே பொருளியல் ஆராய்ச்சிக்கும் புள்ளியியலுக்கும் தனித்தனி ஆள் எடுப்பு நடக்கிறது. அதற்கு அந்தந்தப் பாடத்தில் முதுகலை வேண்டும். எந்த வால் ஒட்டிய பி.காமும் அந்தக் கதவைத் தனியாகத் திறக்காது.

அப்புறம் ஆடிட்டர் படிப்பு. 2023 ஜூலையில் வந்த புதிய திட்டத்தில், ஆடிட்டர் ஒருவரிடம் வேலை பழகும் ஆர்ட்டிகிள்ஷிப் மூன்று வருடத்திலிருந்து இரண்டாகக் குறைந்துவிட்டது; இடைநிலைத் தேர்வான இன்டரிலும் கடைசித் தேர்வான ஃபைனலிலும் ஆறு ஆறு தாள்கள். பிளஸ் டூ முடித்து ஃபவுண்டேஷன் என்ற நுழைவுநிலைத் தேர்வு வழியாகப் போகிறவர் எங்கும் தடுக்கி விழாமல் போனால் நான்கு வருடத்துக்குள் முடித்துவிட முடியும். பெரும்பாலானோர் எங்காவது தடுக்கித்தான் விழுவார்கள், அது வேறு. ஃபவுண்டேஷன் வழிக்குப் பட்டமே தேவையில்லை என்பது பல வீடுகளில் தெரியாது. இன்னொரு வழி, பட்டம் முடித்துவிட்டு நேரடியாக இன்டருக்குப் போவது. வணிகவியல் படித்தவருக்கு 55 சதவீதம், மற்ற பெரும்பாலான பட்டங்களுக்கு 60 சதவீதம். இந்த வழியில் மூன்று வருடப் பட்டம், இன்டருக்கு மாதங்கள், ஆர்ட்டிகிள்ஷிப் இரண்டு வருடம், ஃபைனல் என்று கூட்டினால் ஆறு வருடத்தைத் தாண்டும். ஆடிட்டர் ஆகவே வேண்டும் என்ற முடிவோடு வருகிற பிள்ளைக்கு இந்த இரண்டு வழிக்கும் உள்ள வித்தியாசத்தை முதல் நாளே சொல்லிவிட்டால் எத்தனை வருடம் மிச்சம்!

ஃபவுண்டேஷனில் நான்கு தாள்: கணக்கியல், வணிகச் சட்டம், பொருளியல், குவாண்டிடேட்டிவ் ஆப்டிடியூட். இந்தக் கடைசித் தாளில் வணிகக் கணிதம் 40, ரீசனிங் 20, புள்ளியியல் 40 மதிப்பெண். தப்புக்குக் கால் மதிப்பெண் கழிப்பார்கள். கணக்கியலில் நன்றாக எழுதிவிட்டு இந்தத் தாளில் நின்றுபோகிறவர்களைப் பற்றிப் பயிற்சி வகுப்பு நடத்தும் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள்.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். நிதித் துறைக்குப் போகிற பிள்ளைக்குப் பட்டத்தின் வாலை விட, கணிதமும் புள்ளியியலும் கூடவே வருகிறதா என்பதுதான் பெரிய விஷயம். நம் ஊரில் அது பதினொன்றாம் வகுப்பிலேயே கழன்றுவிடுகிறது. காமர்ஸ் குரூப்பில் வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியலோடு நான்காவது பாடமாக ஒரு பள்ளியில் வணிகக் கணிதமும் புள்ளியியலும் இருக்கும், இன்னொரு பள்ளியில் கணினிப் பயன்பாடுகள் இருக்கும். எது இருக்கிறது என்பது பல சமயம் அந்தப் பள்ளியில் எந்த ஆசிரியர் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது. இரண்டும் இருந்தால், "கணக்கு வராது" என்று பத்தாம் வகுப்பில் பெயர் வாங்கியவர்கள் கணினிப் பக்கம் போய்விடுவார்கள். பதினைந்து வயதில் எடுத்த அந்த முடிவால் எதெல்லாம் போகிறது என்று யாரும் எழுதித் தருவதில்லை. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் பி.ஏ. ஹானர்ஸ் பொருளியலுக்கு நுழைவுத் தேர்வில் கணிதத் தாள் கட்டாயம். இந்தியப் புள்ளியியல் கழகத்தின் பி.ஸ்டாட். படிப்புக்குப் பிளஸ் டூ கணிதம் வேண்டும். மாநிலக் கல்லூரி, லயோலா, சென்னைக் கிறித்தவக் கல்லூரி மாதிரி இடங்களில் பல காலமாக இருக்கும் பி.எஸ்சி. புள்ளியியலுக்கும் கணிதம் வேண்டும். ஆயுள் காப்பீட்டு நிறுவனம் ஒவ்வொன்றும் ஓர் ஆக்சுவரியை, அதாவது காப்பீட்டுக் கணிப்பாளரை, நியமித்தாக வேண்டும் என்பது சட்டம். அந்த ஆக்சுவரி ஆவதற்கு ஏசெட் என்ற நுழைவுத் தேர்வு, அப்புறம் ஃபெல்லோ ஆகும்வரை பதின்மூன்று தாள்கள். அவற்றின் அடித்தளம் கணிதமும் நிகழ்தகவும்.

இதெல்லாம் பள்ளிக்கூடத்தின் தப்பு, எங்களிடம் ஏன் சொல்கிறீர்கள் என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். ஆனால் கழன்றதைத் திரும்ப மாட்டுகிற கடைசி வாய்ப்பு உங்களிடம் இருக்கிறது. நீங்கள் அதை இரண்டு அலைடு (துணைப்பாட) தாளாக வைத்து, முதல் வருடத்தோடு தலைமுழுகிவிடுகிறீர்கள். தனிவட்டி, கூட்டுவட்டி, அணிக்கோவை, சராசரி, திட்ட விலக்கம், முடிந்தது. ஐந்து அலகில் மூன்றைப் படித்தால் பாஸாகலாம் என்பது சீனியர்கள் வழிவழியாகச் சொல்லிக்கொடுக்கும் ஞானம். மூன்றாம் வருடத்தில் முதலீட்டு மேலாண்மை என்று ஒரு தாள் வரும்போது பங்கின் ஏற்ற இறக்கத்தைத் திட்ட விலக்கத்தில் அளக்க வேண்டியிருக்கும். அதற்குள் அது மறந்திருக்கும்; ஆகவே வரையறையை மனப்பாடம் செய்து எழுதுவார்கள்.

நேர்காணலில் நான் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. இரு சக்கர வாகனத்துக்கு ஒரு லட்சம் கடன். 10 சதவீத ஃப்ளாட் வட்டி, 36 மாதத் தவணை. மாதம் எவ்வளவு கட்ட வேண்டும்? இதை எல்லோரும் போட்டுவிடுவார்கள்: மூன்று வருட வட்டி 30,000, மொத்தம் 1,30,000, முப்பத்தாறால் வகுத்தால் மாதம் 3,611 ரூபாய். சரி, குறையும் நிலுவைக்குக் கணக்கிட்டால் இது எத்தனை சதவீத வட்டி? இங்கே பலர் திகைத்துப் போகிறார்கள். 10-ஐ விடக் கொஞ்சம் கூட இருக்கும், 12 இருக்கலாம் என்பார்கள். உண்மையில் அது கிட்டத்தட்ட 18 சதவீதம். ஒவ்வொரு மாதமும் அசலில் ஒரு பகுதியைத் திருப்பிக் கட்டிக்கொண்டே வருகிறோம். ஆனால் வட்டியை மட்டும் முழு ஒரு லட்சத்துக்கும் கடைசி மாதம்வரை போடுகிறார்கள். இதைப் புரிந்துகொள்ள உயர்கணிதம் வேண்டாம். எக்செலில் ஒரே ஒரு சூத்திரம். வங்கி என்று வால் ஒட்டிய பட்டத்தோடு வருகிறவருக்கும் இது தெரியவில்லை என்றால் அந்த மூன்று வருடத்தில் எதைத்தான் வங்கி என்று சொல்லிக்கொடுத்தோம்? அவர் வீட்டிலேயே அப்படி ஒரு கடன் ஓடிக்கொண்டிருக்கும், தெரியுமா!

இன்னொன்று. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதியாளர் லாபம் காட்டுகிறார், ஆனால் சம்பளம் போடக் காசில்லை, கணக்கில் இருப்பதற்கு மேல் பணம் எடுக்க ஓவர்டிராஃப்ட் வேண்டும் என்று கேட்டு வருகிறார். இது எப்படி? பொய் சொல்கிறாரா? நூலுக்கு உடனே பணம் கொடுக்க வேண்டும், சாயப்பட்டறைக்கும் ஜாப்வொர்க்குக்கும் வாரக்கணக்கில் பணம் போக வேண்டும், சரக்கு கப்பலேறி வெளிநாட்டு வாடிக்கையாளர் பணம் அனுப்ப இரண்டு மூன்று மாதம் ஆகும். ஆர்டர் கூடக் கூட கையிலிருக்கும் காசு குறையும். ரொக்க ஓட்ட அறிக்கையைத் தேர்வில் பிழையில்லாமல் தயாரித்த மாணவர்கள்கூட இந்தக் கேள்விக்குத் திணறுகிறார்கள். அவர்கள் அறிக்கையைத் தயாரிக்கப் படித்தவர்கள், வாசிக்கப் படிக்கவில்லை. கடன் கொடுக்கும் இடத்திலும், பங்கு ஆய்விலும், நிறுவனத்தின் பணத்தை நிர்வகிக்கும் கருவூலப் பிரிவிலும் நாள் முழுவதும் செய்வது வாசிக்கும் வேலைதான். தயாரிக்கும் வேலையை இப்போது மென்பொருள் நன்றாகவே செய்துவிடுகிறது.

வாசிப்பதற்கு உங்களிடம் இருப்பது மாதிரி வேறு எங்கும் இல்லை. கும்பகோணத்தில் 1904-இல் தொடங்கிய சிட்டி யூனியன் வங்கி, கரூரில் 1916-இல் தொடங்கிய கரூர் வைசியா வங்கி, தூத்துக்குடியில் நாடார் வங்கி என்ற பெயரில் 1921-இல் தொடங்கிய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி. மூன்றின் தலைமையகமும் இன்றைக்கும் அந்தந்த ஊரில்தான். மும்பைக்குப் போகாமல், டவுன் பஸ்ஸில் போய்ச் சேரும் தூரத்தில் ஒரு வங்கியின் தலைமையகம் இருக்கிற வாய்ப்பு எத்தனை கல்லூரிக்குக் கிடைக்கும்? சென்னைக் கல்லூரிகளுக்கோ இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் சுந்தரம் ஃபைனான்ஸும் இருக்கின்றன. இவர்கள் ஆண்டறிக்கை எல்லாமே இணையத்தில் இலவசம். அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு ஒரு செமஸ்டர் முழுக்க வாசித்தால் போதும். வாராக்கடன் என்றால் 90 நாள் தவணை நின்றது என்று ஒரு வரியில் எழுதுவதற்கும், அந்த வங்கி எந்தத் தொழிலுக்குக் கொடுத்த கடன் அப்படி நின்றது, அதற்கு எவ்வளவு ஒதுக்கீடு வைத்தது என்று தேடிக் கண்டுபிடிப்பதற்கும் எவ்வளவு தூரம்!

கரூரில் 1926-இல் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கியின் கடைசி சில வருட அறிக்கைகளையும் வாசிக்கக் கொடுங்கள். 2020 நவம்பரில் ரிசர்வ் வங்கி பணம் எடுப்பதற்குக் கட்டுப்பாடு போட்டது. அந்த மாதமே வங்கி டி.பி.எஸ். வங்கியின் இந்தியக் கிளை நிறுவனத்தோடு இணைக்கப்பட்டது; டெபாசிட் போட்டவர்கள் தப்பித்தார்கள், பங்கு வைத்திருந்தவர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. அந்த வீழ்ச்சி ஒரே நாளில் வந்ததல்ல. அறிக்கையில் வருடா வருடம் எழுதியிருந்தது. அதைக் கண்டுபிடிக்கத் தெரிந்த மாணவியை எந்த வால் என்றும் கேட்காமல் நான் எடுத்துக்கொள்வேன்.

அடுத்தது நேரம். இதில் செலவே இல்லாமல் நீங்கள் செய்யக்கூடியது இருக்கிறது. ஆடிட்டர் தேர்வுகள் இப்போது ஜனவரி, மே, செப்டம்பர் என்று வருடத்துக்கு மூன்று முறை நடக்கின்றன. உங்கள் செமஸ்டர் தேர்வு ஏப்ரல், மே மாதங்களில் வந்து மே தேர்வோடு மோதுகிறது. இன்டர்னல் தேர்வுகள் செப்டம்பரில் வந்து செப்டம்பர் தேர்வோடு மோதுகின்றன. நன்றாகப் படிக்கும் பிள்ளைதான் இரண்டுக்கும் நடுவில் நசுங்குகிறது. ஆடிட்டர் தேர்வுகளை நடத்தும் இன்ஸ்டிடியூட்டில் அனுமதி வாங்கினால் ஆர்ட்டிகிள்ஷிப் செய்துகொண்டே பட்டமும் படிக்கலாம். அதனால்தான் ஆடிட்டர் கனவோடு வருகிறவர்கள் காலை ஷிப்ட், மாலை ஷிப்ட் என்று கல்லூரியைத் தேடி அலைகிறார்கள். 75 சதவீத வருகைப்பதிவைக் காட்டித் தேர்வு எழுத விடாமல் நிறுத்துகிற கல்லூரி, இன்டர் இரண்டு குரூப்பும் பாஸானவர் புகைப்படத்தை மட்டும் ஃப்ளெக்ஸில் போடத் தயங்குவதில்லை. இந்த மாணவர்களுக்குத் தேர்வுக்கு முந்தைய வாரங்களில் வருகை விலக்கும், இன்டர்னலுக்கு மாற்றுத் தேதியும் கொடுப்பதைத் துறையின் விதியாக எழுதி வையுங்கள். துறைத் தலைவரின் நல்ல மனதை நம்பி ஒரு பிள்ளை ஆறு செமஸ்டர் ஓட்ட முடியாது.

மொழி பற்றியும் ஒரு வார்த்தை. ஆடிட்டர் தேர்வை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுத முடியும். பேரேடு, இருப்பாய்வு, இருப்புநிலைக் குறிப்பு என்று தமிழில் தெளிவாகப் படித்து முழு மதிப்பெண் வாங்கிய அரசுப் பள்ளிப் பிள்ளை, உங்கள் முதல் வகுப்பில் லெட்ஜர், டிரயல் பேலன்ஸ் என்று கேட்டதும் தனக்குக் கணக்கியலே தெரியாது என்று நினைத்துக்கொள்கிறது. தெரிந்ததுதான், பெயர் மட்டும் மாறிவிட்டது என்று முதல் இரண்டு வாரம் இரண்டு மொழியிலும் சொல்லிக்கொடுத்தாலே போதும். பிரிட்ஜ் கோர்ஸ் என்று பல கல்லூரிகளில் அந்த நாட்கள் ஏற்கெனவே இருக்கின்றன. அதில் பொதுவான ஆங்கில இலக்கணம் நடத்தாமல் இதை நடத்தலாம்.

பாடத்திட்டம் புதுப்பிப்பது பற்றி நீளமாகச் சொல்ல மாட்டேன், ஓர் உதாரணம் போதும். 2026 ஏப்ரல் 1 முதல் 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் இடத்தில் 2025-ஆம் ஆண்டுச் சட்டம். முந்தைய ஆண்டு, மதிப்பீட்டு ஆண்டு என்ற இரட்டைக் கணக்கு போய் 'வரி ஆண்டு' என்ற ஒன்று வருகிறது. பிரிவு எண்களும் மாறிவிட்டன. பழைய பிரிவு எண்ணை மனப்பாடம் செய்ய வைக்கும் கேள்வித்தாள் இன்னும் இரண்டு வருடம் ஓடினால் வரித் தாள் முழுதுமே வரலாற்றுத் தாள் ஆகிவிடும்.

பி.காம். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆடிட்டர், காஸ்ட் அக்கவுன்டன்ட், வரி ஆலோசனை, கணக்குத் தணிக்கை, சென்னையில் வெளிநாட்டு வங்கிகளுக்காக இயங்கும் பெரிய அலுவலகங்களில் ஃபண்ட் அக்கவுன்டிங் என்று போகிறவர்களுக்கு அதைவிடப் பொருத்தமான பட்டம் நம் ஊரில் இல்லை. எந்த வாலாக இருந்தாலும் பரவாயில்லை, நல்ல ஆசிரியர்கள் இருக்கும் கல்லூரி முக்கியம் என்றுதான் கேட்பவர்களிடம் சொல்கிறேன். ஆனால் முதலீட்டு ஆய்வு, ரிஸ்க், டெரிவேட்டிவ்ஸ், காப்பீட்டுக் கணிப்பு என்று ஆசைப்படுகிற பிள்ளைக்கு, கணக்கும் நன்றாக வரும் என்றால், பக்கத்துக் கட்டடத்தில் இருக்கும் புள்ளியியல் துறையையோ கணிதத் துறையையோ பொருளியலையோ நீங்களே காட்ட வேண்டும். அங்கே இளங்கலை முடித்துவிட்டு கோட்டூர்புரத்தில் இருக்கும் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் நிதிப் பொருளியல் முதுகலைக்கோ, ஐ.ஐ.எம்.கள் நடத்தும் கேட் நுழைவுத் தேர்வு எழுதி எம்.பி.ஏ.வுக்கோ போகலாம். முதலீட்டு ஆய்வாளர்களுக்கான சர்வதேசத் தகுதித் தேர்வான சி.எஃப்.ஏ.வின் முதல் நிலையை எந்தப் பட்டம் படிப்பவரும், படிப்பு முடிய 23 மாதம் இருக்கும்போதிலிருந்தே எழுதலாம். கட்டணம் டாலரில் என்பதால் எல்லா வீட்டுக்கும் தாங்காது. அதையும் சொல்லிவிட வேண்டும். பிளஸ் டூவில் கணிதத்தை விட்டுவிட்டு இப்போது வருத்தப்படுகிறவர்களுக்கும் வழி இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யின் இணையவழி பி.எஸ். டேட்டா சயின்ஸ் படிப்பில் பிளஸ் டூ குரூப் எதுவாக இருந்தாலும் நுழையப் பார்க்கலாம். பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் இருந்தால் விண்ணப்பிக்கலாம், அவர்கள் வைக்கும் தகுதித் தேர்வில் தேற வேண்டும். உங்கள் பி.காமோடு சேர்த்தே அதைப் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

உங்கள் துறைக்குள்ளேயே செய்ய முடிந்ததும் உண்டு. வேறு துறையிலிருந்து எடுக்கும் நான்-மேஜர் எலெக்டிவ் என்று ஒரு தாள் இருக்கிறதே, பெரும்பாலும் யாரும் பொருட்படுத்தாத, எல்லோரும் பாஸாகிற அந்தத் தாள். புள்ளியியல் துறையோடு பேசி, எக்செலில் தரவைக் கையாளும் ஒரு தாளாக அதை மாற்ற முடியாதா? மூன்றாம் வருடத் திட்டப்பணிக்கு "வாடிக்கையாளர் மனநிறைவு - ஓர் ஆய்வு" என்று கூகுள் ஃபார்ம் அனுப்பி ஐம்பது பேரிடம் நிரப்பி வாங்குவதை நிறுத்திவிட்டு, ஊரில் இருக்கும் ஏதாவது ஒரு கம்பெனியின் ஐந்து வருட அறிக்கையை ஆய்வு செய்யச் சொல்ல முடியாதா? பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி 2006-இல் தொடங்கிய நிஸ்ம் என்ற பயிற்சி நிறுவனம் நடத்தும் சான்றிதழ்த் தேர்வுகளில் மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தருக்கான தேர்வை இறுதியாண்டு மாணவர் கொஞ்சம் முயன்றாலே தேறிவிடலாம். வேலைக்கு அதை உண்மையிலேயே கேட்கிறார்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஒவ்வொரு படிப்புக்கும் ஒரு பக்கம், தமிழில், சேர்க்கை தொடங்கும் முன்னால் வெளியிடுங்கள். இந்தப் படிப்பின் முழுப்பெயர் என்ன, இது சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட் படிப்போ கம்பெனி செக்ரட்டரி படிப்போ அல்ல, சாதாரண பி.காமுக்கும் இதற்கும் எத்தனை தாள் வித்தியாசம். மூன்று வருடத்தில் கணிதமும் புள்ளியியலும் எத்தனை தாள். வகுப்பு எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை. போன வருடம் முடித்தவர்களில் எத்தனை பேர் என்ன வேலைக்கு, என்ன சம்பளத்துக்குப் போனார்கள். கடைசிக் கேள்விக்கு, வாடிக்கையாளருக்கு போன் செய்து கிரெடிட் கார்டு விற்கும் வேலையை 'வங்கித் துறையில் வேலைவாய்ப்பு' என்று எழுதாமல், உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். அந்த வேலையும் வேலைதான், அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை; ஆனால் சேரும் முன் தெரிந்திருக்க வேண்டும். அரசு 2022-இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் கல்லூரிக் கனவு நிகழ்ச்சிகளில் இந்தப் பக்கங்களைக் கொடுத்தால் பிளஸ் டூ பிள்ளைகள் கையில் நேராகப் போய்ச் சேரும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடமும் போனால் இன்னும் நல்லது, நான்காவது பாடத்தைத் தேர்ந்தெடுப்பது அவர்கள்தானே.

தன்னாட்சிக் கல்லூரியின் பாடத்திட்டக் குழுவில் தொழில்துறையிலிருந்து ஒருவரும் முன்னாள் மாணவர் ஒருவரும் உறுப்பினராக இருக்க வேண்டும் என்று யு.ஜி.சி. விதி இருக்கிறது. அந்த நாற்காலியில் உட்காருகிறவருக்குக் கூட்டத்துக்கு முந்தின நாள் ராத்திரி நூறு பக்க பி.டி.எஃப். வருகிறது, மறுநாள் மதியச் சாப்பாட்டுக்குள் கையெழுத்துப் போட்டு முடித்துவிடுகிறார்கள் என்று நண்பர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதை ஒரு மாதம் முன்னாலேயே அனுப்புங்கள். எங்கள் துறையில் கடன் மதிப்பீட்டில், கருவூலத்தில், ரிஸ்க்கில் வேலை பார்க்கிறவர்கள் பலர் உங்கள் கல்லூரிகளில் படித்தவர்களே, கூப்பிட்டால் வருவார்கள். எனக்குச் சனிக்கிழமைகளில் விடுப்பு உண்டு. கேள்வித்தாள் திருத்தவோ, ஆண்டறிக்கை வாசிக்கச் சொல்லிக்கொடுக்கவோ, அந்த ஒரு பக்கத்தை எழுத உதவவோ, திருச்சியோ திருநெல்வேலியோ, என் செலவிலேயே வந்து போகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மாணவர்களை நேர்காணல் செய்யும் ஒருவன்
சென்னை